மாசம் 10,000 ரூபாயும் காப்பீட்டு அட்டையும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்க குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். அதாவது மாசம் பத்தாயிரம். முன்னாடி 72,000-ஆ இருந்ததை 2022-ல் உயர்த்தினாங்க, நல்ல விஷயம்தான்.

ஆனா மயிலாப்பூரில் மூணு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவும், தி.நகர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனா இருக்கிற அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்தாலே இந்த வரம்பைத் தாண்டிடுவாங்க. வாடகை போக மிஞ்சுறது என்னன்னு யாரும் கேக்கிறதில்லை. இவங்களா வசதியானவங்க? வருமானத்தை உள்ளபடி சொல்றவருக்கு அட்டை கிடையாது, அவ்ளோதான்.

அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. பைபாஸ் மாதிரி செலவுக்கு அது பெரிய பலம். இல்லாதவங்க அரசு மருத்துவமனைக்கு வரலாம், வாங்கன்னுதான் நானும் சொல்வேன். ஆனா 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு கரையிலிருந்து பெரும்பாக்கம் போனவங்களுக்கு, ராயப்பேட்டை வந்து திரும்புறதே ஒரு நாள் கூலி.

சென்னை வாடகையைப் பார்த்து வரம்பை வைங்க. இல்லேன்னா அரிசி வாங்குற ரேஷன் கார்டே போதும்னு மாத்துங்க.

தகுதி இருந்தும் அட்டை எடுக்காதவங்க, நெஞ்சுவலி வந்தப்புறம் அலையாதீங்க. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூணையும் இந்த வாரமே எடுத்து வைங்க.