பந்தியில் எதுக்குப் பிரிவு?



விடுதி உள்ள ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மார்க்கைப் பார்ப்பார்கள், கட்டடத்தைப் பார்ப்பார்கள். ராத்திரி சாப்பாட்டுப் பந்தியைப் பாருங்கள் என்பேன் நான். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதிலேயே பள்ளியின் குணம் தெரிந்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் சேரன்மகாதேவி என்று ஒரு ஸ்டேஷன் வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு சின்ன குருகுலம் நடந்தது. 1922-ல் அதைத் தொடங்கியவர் வ.வே.சு. ஐயர். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராக ஆனவர். திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். தமிழில் படிப்பு, உடற்பயிற்சி, கைத்தொழில் என்று நல்ல நோக்கத்தோடுதான் நடத்தினார். காங்கிரஸ் கட்சி 5,000 ரூபாய் கொடுத்தது.

ஆனால் அங்கே பிராமண மாணவர் சிலருக்கு மட்டும் தனிப் பந்தி! பெற்றோர் கேட்டார்கள் என்று ஐயர் ஒத்துக்கொண்டார். அவர் தன்னளவில் சாதி பார்க்காதவர். ஆனாலும் 'சில பேருக்குத்தானே' என்று விட்டது பெரிய தப்பாகப் போயிற்று. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பேதமா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். 1925-ல் தமிழ்நாடே இதைப் பற்றிப் பேசியது. அந்த வருஷக் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேற இதுவும் ஒரு காரணம். அதே வருஷம் ஜூனில், பாபநாசத்துக்கு மேலே அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார்.

'அதெல்லாம் பழைய கதைடா' என்பீர்கள். 2023-ல் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது பழைய கதையா? அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கலர் கயிறுகூடப் பள்ளிக்குள் வேண்டாம் என்று 2024-ல் சொன்னது.

நம் விடுதியில் கயிறு இல்லை, சரி. ஆனால் தட்டை வைத்து இடம் பிடிக்கிறோமே! 'எங்க ஊர்க்காரன் வர்றான், நீ தள்ளிப் போ' என்கிறோமே! புதுசாக வந்த தம்பியிடம் முதல் கேள்வியே 'நீ எந்த ஊரு, எந்தத் தெரு?' எதுக்குத் தெருவைக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரியாதா? நண்பனோடு உட்காருவது தப்பில்லை. இன்னொருத்தனை எழுப்பிவிட்டு உட்காருவது தப்பு.

நம் அப்பா அம்மா பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள். விபத்து நடந்தால் நெருப்பு தெரு கேட்டா வருகிறது? காமராஜர் படித்த விருதுநகர் பள்ளி, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில் வளர்ந்தது. பானைக்குள் விழுந்த பிறகு எந்தப் பிடி யாருடையது என்று பிரிக்க முடியுமா?

ஆகவே வார்டன் சாருக்கு மூன்று வேண்டுகோள். வந்த வரிசைப்படியே உட்கார வேண்டும். தட்டு வைத்து இடம் பிடிக்கக் கூடாது. பரிமாறும் முறையை எல்லா ரூமுக்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வாரம் ஒரு நாளாவது ஆசிரியர்களும் எங்களோடு அதே பந்தியில் சாப்பிட்டால் ரொம்ப சந்தோஷம்.

நண்பர்களே, இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாமே!

— விடுதி மாணவன், 11-ஆம் வகுப்பு