திறவாத கதவும் அழியாத பொருளும்

இல்லத்துக் கணினி ஒருநாள் கறுத்த திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அசையாது நின்றுவிடுகிறது. "எல்லாம் போயிற்று" என்று தாயார் கலங்குகிறார். "கடையிற் கொடுத்து அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு வா" என்று தந்தையார் மகனை ஏவுகிறார். இவ்விரண்டும் அவசர முடிவுகள் என்பதையே இவ்வாரம் நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பலருக்குக் கணினி வெறும் பொழுதுபோக்குப் பெட்டியன்று. போரில் ஊரையும் வீட்டையும் இழந்து வந்தோர், எஞ்சிய காணி உறுதியையும் மறைந்த பெற்றோரின் ஒற்றைப் படத்தையும் பிரதிசெய்து அதனுள்ளே வைத்திருக்கின்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் பேரக்குழந்தைகளின் படங்களும் அங்கேதான். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் தீக்குக் கொடுத்த சமூகத்துக்குப் பிரதியில்லாத ஏட்டின் அருமையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

பொத்தானை அழுத்தியதும் கணினி நேரே விழித்தெழுவதில்லை. முதலில் நிலைபொருள் எழுந்து, வன்தட்டின் சிறு பகுதியொன்றில் உள்ள தொடக்க நிரலைத் தேடுகிறது. 'பூட் லோடர்' எனப்படும் அந்நிரலே வின்டோஸையோ லினக்ஸையோ அழைத்து வருவது. பழைய கணினிகளில் அதன் முதற்கூறு தட்டின் முதல் 512 பைற்றுகளுக்குள் அடங்கிவிடும். வாயில்காப்போன் மயங்கி விழுந்தால், வீட்டுப்பொருள் களவு போயிற்று என்றா கொள்வது?

மயக்கத்துக்குக் காரணங்கள் பல. 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்திருக்கமாட்டோம். திருத்தம் ஏறிக்கொண்டிருக்கையில் மின் அற்றுப்போனால் தொடக்க நிரல் சிதைவதுண்டு. லினக்ஸ் இருக்கும் கணினியில் வின்டோஸைப் புதிதாக நிறுவினாலும் லினக்ஸின் வாயில் மறைந்துபோகலாம். 2024 ஆகஸ்ட் 13 ஆந் திகதி மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தமொன்று, இவ்விரண்டும் ஒருங்கே குடியிருந்த கணினிகள் பலவற்றில் பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களை நம்பத்தகாதவையென விலக்கிற்று. 'ஏதோ பாரதூரமான தவறு நேர்ந்துவிட்டது' என்று பொருள்படும் வாசகத்துடன் அவை நின்றன. ஆயினும் உள்ளிருந்த கோப்புகளை அத்திருத்தம் தீண்டவில்லை. 'செக்கியூர் பூட்' என்னும் காவலைச் சற்று நிறுத்தி, அவ்விலக்கை நீக்கியதும் லினக்ஸ் மீண்டும் எழுந்தது.

பரிகாரம் யாது? வேறொரு கணினியின் துணையுடன் உபுண்டு போன்றதொரு லினக்ஸைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து நோயுற்ற கணினியைத் தொடங்குக. நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வழியைத் தெரிந்துகொண்டால், வன்தட்டில் எதனையும் எழுதாமலே அது இயங்கும். முதற் கருமம், படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டுக்குப் பிரதிசெய்தல். சீர்செய்தல் அதன் பின்னரே.

பழுதுபட்டது லினக்ஸாயின், அதன் பகுதிகளை இணைத்து, 'சிஎச்ரூட்' கட்டளையால் உட்புகுந்து, 'கிரப்' எனும் தொடக்க நிரலை மீள நிறுவுவர். வின்டோஸாயின், அதன் நிறுவற் பென் டிரைவிலிருந்து தொடங்கித் தொடக்கச் சீராக்கலைத் தெரிவுசெய்யலாம். அது பயன்படாவிடின் 'பிசிடிபூட்' கட்டளை தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை எழுந்தால் பழுது நிரலில் அன்று, தட்டில், உடனே நிறுத்திவிடுக. அடுத்தது, வின்டோஸ் கணினிகள் பலவற்றில் 'பிட்லொக்கர்' பூட்டு உண்டு. அதன் 48 இலக்க மீட்பெண் இல்லையேல் எவராலும் உள்ளே புக இயலாது. கணினி நலமாக இருக்கும்போதே அவ்வெண்ணைக் காகிதத்தில் எழுதிக் காணி உறுதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தாமே செய்யத் துணியாதோர் பம்பலப்பிட்டிக் கடைகளுக்குக் கொண்டுசெல்வதில் தவறில்லை. கையளிக்கும்போது ஒன்று மட்டும் கூறுங்கள்: "உள்ளிருப்பதை முதலில் பிரதிசெய்யுங்கள், பிறகு வாசலை மாத்திரம் திருத்துங்கள்." கணினி மீண்டு வந்ததும் அப்பிரதியை அழித்துவிடாதீர்கள். அதிலொன்று கடல்கடந்த பிள்ளையின் வீட்டிலும் இருக்கட்டும்.