லீவுக்கு எங்கயும் போகலையா? ரொம்ப நல்லது!

"இந்த லீவுக்கு எங்க போற?" செமஸ்டர் முடிஞ்சதும் காலேஜ்ல எல்லாரும் கேக்கற முதல் கேள்வி இதுதான். கொடைக்கானல், மூணாறு, கோவான்னு ஆளாளுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க. "எங்கயும் இல்ல, வீட்லதான்"னு சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்கறவன் முகத்துல ஒரு பரிதாபம் வரும். நாலு அரியர் வச்சிருக்கறவனைப் பாக்கற மாதிரி! :-)

என் கட்சி இதுக்கு நேர் எதிர். வீட்லயே இருந்து லீவை அனுபவிக்கறது ஒண்ணும் ரெண்டாந்தர விஷயம் இல்லை. ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, வீட்ல இருக்கற எல்லாருக்கும் அது லீவா இருக்கணும். ரெண்டு, அந்த வீடு நிம்மதியா இருக்கற மாதிரியான வீடா இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாட்டி அது லீவே இல்லை, சும்மா வீட்ல கெடக்கறது. அவ்வளவுதான்.

முதல்ல பேரைப் பத்தி ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல இதுக்கு 'ஸ்டேகேஷன்'னு பேரு. 2008 வாக்கில அமெரிக்காவுல பெட்ரோல் விலை ஏறி, பொருளாதாரமும் படுத்தப்போ இந்த வார்த்தை பிரபலமாச்சு. 2009-ல மெரியம் வெப்ஸ்டர் அகராதியிலயே சேர்த்துட்டாங்க. காசு மிச்சம் பண்ண வந்த வார்த்தை இது. வேடிக்கை என்னன்னா, நம்ம ஊர்ல இதை ஸ்டார் ஹோட்டல்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. சொந்த ஊர்லயே ஒரு ஹோட்டல்ல ரூம் போட்டு, ராத்திரிக்குப் பல ஆயிரம் குடுத்துத் தங்கினா அதுதான் ஸ்டேகேஷனாம்! வீட்ல இருக்கறதுக்கும் காசு கேக்கற காலம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லீவு யாருக்கு?

எங்க வீட்ல அம்மா அடிக்கடி சொல்ற ஒரு வசனம்: "உங்களுக்கு லீவு விட்டா எனக்கு ரெண்டு வேளைச் சமையல் கூடுது." சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. ஆனா கணக்குப் போட்டா அதுல சிரிக்க ஒண்ணும் இல்லை. காலேஜ் நாள்ல மதியம் நான் கேன்டீன், அப்பா ஆபீஸ், தங்கச்சி டிபன் பாக்ஸ். லீவுல மூணு பேரும் வீட்ல. பதினோரு மணிக்கு "ஏதாவது இருக்கா?", நாலு மணிக்கு "காப்பி", ஏழு மணிக்கு "இன்னிக்கு வித்தியாசமா ஏதாவது பண்ணுங்கம்மா".

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2019-ல நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துச்சு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கறாங்க. செய்யற ஆண்கள் 97 நிமிஷம். 'செய்யற' ஆண்கள்னு சொன்னேன் பாருங்க, அதைக் கவனிங்க. அந்த மாதிரி வேலையில கைவச்ச ஆண்களே நூத்துக்கு 26 பேர்தான். மறுபடி 2024-ல எடுத்த கணக்குல பெண்களுக்கு 289 நிமிஷம். அஞ்சு வருஷத்துல பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு. ஒரு டம்ளர் காப்பியை ஆறவிடாம குடிக்கலாம், அவ்வளவுதான்.

அதனால வீட்லயே லீவுன்னு முடிவு பண்ணினா, முதல் வேலை சமையலறைக்கு லீவு விடறது. ஊட்டிக்குப் போனா அம்மா சமைக்கறது இல்லையே, வீட்ல இருந்தா மட்டும் ஏன் சமைக்கணும்? வாரத்துல ஒரு நாள் வீட்ல அம்மா அடுப்பைப் பத்தவைக்கக் கூடாதுன்னு வச்சுக்கலாம். அன்னிக்கு அப்பாவோ பையனோ சமைக்கட்டும். உப்பு கூடலாம், சோறு குழையலாம். யாரும் செத்துட மாட்டாங்க. முக்கியமா, "எவ்வளவு புளி போடணும்?"னு அம்மாவை நாலு தடவை கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அது லீவு இல்லை, சூப்பர்வைசர் வேலை!

"வாங்க வாங்க"ன்னு சொல்றது

மதுரைக்காரங்களுக்கு வீட்லயே லீவுங்கறது ஒண்ணும் புதுசு இல்லை. சித்திரைத் திருவிழா வந்தா நாம எங்க போறது? ஊரே நம்ம வீட்டுக்கு வருது. திருக்கல்யாணத்துக்கு ஒரு கூட்டம், தேருக்கு ஒரு கூட்டம், எதிர்சேவை பாத்துட்டு விடியறதுக்குள்ள அழகர் ஆத்துல இறங்கறதைப் பாக்க இன்னொரு கூட்டம். பெரியப்பா வீடு, சித்தி வீடு, அத்தை மகன், அவன் கூட்டாளி ரெண்டு பேருன்னு ரெண்டு பெட்ரூம் வீட்ல பதினாறு பேர் படுத்திருப்போம். மொட்டை மாடியில பாய் போட இடம் பிடிக்கறதுக்கே ஒரு சண்டை நடக்கும்.

இந்தக் கூட்டத்துலதான் ஒண்ணு புரிஞ்சுது. வீடு வரவேற்கற மாதிரி இருக்கறதுக்கும் சோபா செட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வந்தவங்களுக்கு என்ன வேணும்? குடிக்கத் தண்ணி எங்க இருக்குன்னு கேக்காமலே தெரியணும். பாத்ரூம் சுத்தமா இருக்கணும், உள்தாழ்ப்பாள் ஒழுங்கா விழணும். போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் வேணும். வயசானவங்களுக்குத் தரையில படுக்காம ஒரு கட்டில் வேணும். குழந்தைக்குப் பால் குடுக்கற அம்மாவுக்குக் கதவு சாத்திக்க ஒரு ரூம் வேணும். இதெல்லாம் காசு விஷயமே இல்லை, கொஞ்சம் யோசனை. அவ்வளவுதான்.

அதே மாதிரி வந்தவங்களும் விருந்தாளியாவே உக்காந்துட்டா நம்ம அம்மா கதி என்ன ஆகறது? வர்ற சித்தப்பா வெங்காயம் உரிக்கட்டும். மச்சான்மார் தட்டு கழுவட்டும். "ஐயோ, மாப்பிள்ளையை வேலை வாங்கறதா"ன்னு அம்மாச்சி பதறுவாங்க. பதறட்டும், ஒரு வருஷத்துல பழகிடும்.

நிம்மதியான வீடுன்னா...

நிம்மதின்னதும் எல்லாரும் பூட்டு, கேமராதான் யோசிக்கறாங்க. வேணும், இல்லைன்னு சொல்லலை. ஆனா வீட்ல நாம இருக்கும்போது நமக்கு ஆபத்து திருடனால மட்டும் வர்றதில்லை. கேஸ், கரன்ட், தண்ணி, இந்த மூணும் வீட்டுக்குள்ளயே இருக்கு. அதுவும் ஆள் கூடற நாள்ல ரெண்டு மடங்கு.

1. கேஸ். எல்பிஜிக்கு இயற்கையில வாசனை கிடையாது. கசிஞ்சாத் தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டான்னு ஒரு நாத்த மருந்தைக் கலக்கறாங்க. இன்னொண்ணு, அது காத்தை விடக் கனமானது. மேல போகாது, தரையில தேங்கும். நாத்தம் வந்தா லைட்டையோ ஃபேனையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சுல வர்ற சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளிய வந்து, வெளிய நின்னு 1906-க்குப் போன் பண்ணுங்க. சிலிண்டர் தலைப்பகுதிப் பட்டையில 'ஏ', 'பி', 'சி', 'டி'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் பக்கத்துல ரெண்டு இலக்க எண்ணும் இருக்கும். 'ஏ'ன்னா ஜனவரியிலிருந்து மார்ச், 'பி' ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே காலாண்டு. எண் வருஷம். அந்தத் தேதிக்குள்ள சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பணும்னு அர்த்தம். தேதி தாண்டினதைக் கொண்டுவந்தா வாங்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ட்யூபையும் மாத்தணும். உங்க வீட்டு ட்யூபை எப்ப மாத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?

2. கரன்ட். பதினாறு பேர் வந்தா எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகறது நம்ம தேசிய வழக்கம். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 1380 வாட். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பே 2000 வாட் வரைக்கும் இழுக்கும். அப்புறம் பாக்ஸ் உருகாம என்ன செய்யும்? கோடையில இன்னொரு எமன், இரும்பு பாடி ஏர் கூலர். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி பிளக்கையே பிடுங்கிடணும். வீட்டு மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. கரன்ட் ஆள் மேல பாய்ஞ்சா கண் சிமிட்டற நேரத்துல அறுத்துவிடறது அதுதான். அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா டப்புன்னு விழணும். விழலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

3. தண்ணி. தவழற குழந்தை இருக்கற வீட்ல நிறைஞ்ச பக்கெட்டே போதும், உசிரு போக. பாத்ரூம் கதவைச் சாத்தியே வைங்க. ஃபினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. தாகமா வர்ற குழந்தைக்கு அது கலர் தண்ணி. டெங்கு கொசு சாக்கடையில வளர்றது இல்லை, நல்ல தண்ணியிலதான் வளருது, பகல்லதான் கடிக்குது. முட்டை கொசுவாகறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால வாரம் ஒரு நாள் தண்ணி டிரம், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, பூந்தொட்டித் தட்டு எல்லாத்தையும் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவணும். வெறுமனே கொட்டினாப் போதாது. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கெடந்தும் பொரிக்கும்.

4. வயசானவங்க. ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட், பாத்ரூம் செவுத்துல பிடிச்சுக்க ஒரு கைப்பிடி, வழுக்காத மிதியடி. மூணும் சேர்ந்து ஆகற செலவு, இடுப்பெலும்பு ஆபரேஷன் செலவுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லை.

5. குழந்தைங்க. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிக்கவே இல்லை, எழுதியே ஆகணும். வீடு நிறைய ஆள் இருக்கும்போது எந்தக் குழந்தை யார்கூட இருக்குன்னே தெரியாது. "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு"ன்னு பெரியவங்க கட்டாயப்படுத்துவாங்க. குழந்தை மாட்டேன்னா விட்டுடுங்க. அது திமிர் இல்லை. தன் உடம்பு தன்னோடதுன்னு அது கத்துக்கற முதல் பாடம். எங்கயாவது, யார்கிட்டயாவது போக மாட்டேன்னு ஒரு பிள்ளை அழுதா, "சொந்தக்காரங்கதானே"ன்னு அதட்டாம ஏன்னு கேளுங்க. சொன்னா நம்புங்க. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இருபத்திநாலு மணி நேரமும் உண்டு. விருந்தாளி மனசு நோகுமேன்னு பாக்கறதை விட நம்ம வீட்டுப் பிள்ளை பயமில்லாம தூங்கறது முக்கியம். வீடுங்கறது வர்றவங்களை மட்டும் வரவேற்கற இடம் இல்லை, உள்ள இருக்கறவங்களையும் வரவேற்கணும்.

ஊரைச் சுத்துங்க

வீட்ல லீவுன்னா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறதுன்னு அர்த்தம் இல்லை. மதுரையில பொறந்து வளர்ந்த என் வகுப்புப் பசங்கள்ல பாதிப் பேர் காந்தி மியூசியத்துக்கு ஸ்கூல் டூருக்கு அப்புறம் போனதே இல்லை. காந்தி சுடப்பட்டப்போ போட்டிருந்த துணி, ரத்தக்கறையோட அங்க இருக்கு. 1921 செப்டம்பர்ல அவர் அரை வேட்டிக்கு மாறின மேல மாசி வீதி வழியாத்தான் தினமும் பைக்ல போறோம். கீழடி மியூசியம் 2023 மார்ச்ல திறந்தாங்க, டவுன் பஸ் தூரம்தான். அதே வருஷம் ஜூலையில புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துச்சு. கத்திரி வெயில்ல ஒரு முழு மதியத்தைப் புத்தகத்தோட குளுகுளுன்னு ஓட்ட ஒரு பைசா செலவு இல்லை. சாயங்காலம் சமணர் மலை அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரக் காத்து. திரும்பும்போது ஒரு ஜிகர்தண்டா. வேற என்ன வேணும்?

"அப்படின்னா யாரும் டூர் போகவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. போங்க, தாராளமா. புது ஊர், புது மனுஷங்க, அதெல்லாம் வீட்ல கிடைக்காதுதான். காசு இருந்தா, மனசு இருந்தா கண்டிப்பா போகணும். நான் சொல்றது என்னன்னா, போக முடியாதவங்க கூனிக்குறுக வேண்டாம். கடன் வாங்கி மலைமேல போய், வரிசையில நின்னு போட்டோ எடுத்துட்டு, மூணு மாசம் தவணை கட்டறது மட்டும்தான் சந்தோஷம்னு யாரும் சட்டம் போடலை. அதோட, டூர் நாலு நாள்ல முடிஞ்சிடும். வீட்ல சரிபண்ணின ட்யூப், மாட்டின கைப்பிடி, அப்பா கத்துக்கிட்ட ரசம் இதெல்லாம் லீவு முடிஞ்சும் இருக்கும்.

அதனால மக்களே, இந்த லீவுக்கு வீட்ல இருக்கறவங்க நாளைக்கு ரெண்டே ரெண்டு வேலை செய்யுங்க. காலையில எழுந்து கேஸ் ட்யூப்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் அம்மாகிட்டப் போய், "இன்னிக்கு என்ன சமையல்?"னு கேக்காம, "இன்னிக்கு நீங்க எங்க போகணும்?"னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க.