பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தது குற்றமா?

சென்ற மாதம் ஒரு மாலை, கியா பார்ம் முழுக்கப் பனி இறங்கியிருந்த நேரம். ஒரு தாய் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மூத்த மகன் என்னிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், அடிக்கடி வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, 'சீலியாக் நோய்' என்று சொன்னார்களாம்.

"டீச்சர், இவனுக்கு அஞ்சு மாசத்திலேயே பிஸ்கட்டைப் பால்ல கரைச்சுக் கொடுத்தேன். அதனாலதான் வந்துச்சுன்னு என் மாமியார் சொல்றாங்க. சின்னதுக்கு எப்ப கொடுக்கிறது? கொடுக்கவே கூடாதா?"

தாய்மார்களே, ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி வீசி மெல்லிசாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கிழியாமல் இழுபடக் காரணம் குளூட்டன் என்ற பசைப்பொருள். இந்நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனதும் உடம்பின் காவல் சக்தி தன் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் தேய்ந்துவிடும். பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

கோதுமைதான் குற்றவாளி என்று காட்டியவர் நெதர்லாந்து நாட்டு டாக்டர் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், போரினால் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோய்ப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்!

அந்தத் தாய் கேட்ட கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்து, அதற்குரிய மரபணுவும் உள்ள 944 குழந்தைகளை ஐரோப்பாவில் பிரித்து, ஒரு பாதிக்கு நான்காம் மாதத்திலேயே தினமும் துளி குளூட்டன், மறு பாதிக்கு வெறும் மாவு கொடுத்தார்கள். 2014ல் முடிவு வந்தது. மூன்று வயதில் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. அதே ஆண்டு இத்தாலி ஆய்வும் வெளிவந்தது. ஆறாம் மாதம் கொடுத்தவர்களுக்குச் சீக்கிரம் வந்தது, பன்னிரண்டாம் மாதம் கொடுத்தவர்களுக்குத் தாமதமாக வந்தது. ஐந்து வயதில் இரண்டும் ஒரே கணக்கு. ஆகவே அந்தப் பிஸ்கட்டின்மேல் பழி போட இடமில்லை.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது வேறு கதை. ஐந்து வயதுக்குள் குளூட்டன் அதிகம் தின்ற பிள்ளைகளிடம் நோய் கூடுதலாக இருந்ததாக 2019ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. வேலூர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இந்தியாவில் நடத்திய ஆய்வு 2016ல் வந்தது. வடக்கே ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேரின் இரத்தத்தில் இந்நோயின் அடையாளம். வேலூர்ப் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர். மரபணு மட்டும் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், நூற்றுக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு பேர். ஆனால் வடக்கே ஒருவர் நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கே 25 கிராம்தான். நம் பாட்டன் பூட்டன் சோறும் கூழும் சாப்பிட்டார்கள். நம் பிள்ளைகளோ காலையில் ரொட்டி, பள்ளியில் மீ, மாலையில் பிஸ்கட். மைலோவில்கூட வாற்கோதுமை மால்ட் உண்டு. மலேசியாவில் 562 இளையோரின் இரத்தத்தைச் சோதித்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஒன்றேகால் பேரிடம் இந்நோயின் அடையாளம் தெரிந்தது. சோதிக்காததால்தான் நமக்குத் தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

இதற்காக எல்லாரும் ரொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். வளராத பிள்ளை, ஓயாத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மருந்துக்கும் மசியாத சோகை இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்று வந்துவிடும். நோய் உறுதியானால் ஆயுள் முழுக்க விலக்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வரலாம், அவர்களையும் சோதிக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் மற்றச் சாப்பாட்டோடு கோதுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், இரண்டு மூன்று வயதில் இரத்தம் பார்க்கலாம், எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மூத்தவனுக்கு இப்போது தோசையும் சோறும்தான். கேண்டீன் அக்கா அவனுக்கு மட்டும் மீ போடுவதில்லை.

கிளம்பும்போது அந்தத் தாய் சொன்னார்: "இதைப் பத்திரிகையில எழுதுங்க டீச்சர். என் மாமியாருக்குப் படிச்சுக் காட்டணும்."