திராட்சையில் ஒரு தித்திப்புப் பாகு

"அக்கா, பிள்ளைகளுக்குத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள, சீனி வாங்காமல் வீட்டிலேயே ஏதாவது பாகு செய்ய முடியாதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கம்பம் பள்ளத்தாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அல்லிநகரத்தில் இருக்கும் நமக்கு என்ன கவலை? கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழமாயிற்றே!

நன்கு கனிந்த கறுப்புத் திராட்சை 1 கிலோ வாங்குங்கள். தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள். ஆகவே உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். காம்பு நீக்கி, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு மசியுங்கள். அலுமினியம் வேண்டாம், பழப்புளிப்பு அதை அரிக்கும். மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கொட்டையை நசுக்கிவிடாதீர்கள், துவர்க்கும்.

ஏறக்குறைய மூன்று டம்ளர் சாறு கிடைக்கும். திறந்தபடியே கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, முக்கால் டம்ளராகச் சுண்டும்வரை கிளறுங்கள். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும். ஆறினால் இன்னும் கெட்டியாகும்; எனவே சற்று முன்னதாகவே இறக்குவது நல்லது. கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். தோசை, சப்பாத்தி, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் ஏற்றது. சூடான பாலில் மட்டும் விடாதீர்கள், திரிந்துபோகலாம்.

இனி முக்கியமான சங்கதி. "பழத்தில் செய்ததுதானே" என்று சர்க்கரை வியாதிக்காரருக்கு ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்! சுண்டும்போது போவது தண்ணீர்தான். சர்க்கரை அப்படியே நிற்கிறது. ஒரு தேக்கரண்டிப் பாகு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். மாமனாருக்கோ மாமியாருக்கோ அந்த வியாதி இருந்தால், டாக்டரைக் கேட்டே எதையும் கொடுங்கள்.

கைக்குழந்தைக்கும் இது வேண்டாம். 2 வயதுவரை இனிப்பு சேர்க்காமல் ஊட்டிப் பழக்குவதே நல்லது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுவது நம் ஊர் வழக்கம். பெரியவர்கள் ஆசையாகச் சொன்னாலும் பக்குவமாகத் தடுத்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைத் துவளச் செய்து, மூச்சையே பாதிக்கும்.

மற்றவர்கள் அளவோடு ருசியுங்கள். வாசனையும் நிறமும் கடைப் பாட்டிலில் வராது!