கல்கத்தாவில் அடித்த சதம்
இலங்கைக்குரிய காசாக வெளியான, விக்டோரியா இராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம், கல்கத்தாவின் அக்கசாலையில், அதாவது அரசு நாணயம் அடிக்கும் கூடத்தில், உருவானதென்பதை நாணய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே ஒதுக்கிவிடுவது பொருந்தாது. 1829இல் ஹூக்ளிக் கரையில், கிரேக்கக் கோயில் முகப்போடு (காசடிக்கும் ஆலைக்குச் சற்று மிகையான ஆடம்பரந்தான்) திறக்கப்பட்ட அக்கூடம், ஒரு ரூபாயைப் பதினாறு அணாவாகவும் ஓர் அணாவைப் பன்னிரண்டு பையாகவும் பகுக்கும் பழைய முறையில் இந்தியாவுக்குக் காசு அடித்துக்கொண்டே, ரூபாயை நூறாகப் பகுக்கும் தசம முறைக் காசை இலங்கைக்கு அடித்துக் கொடுத்தது. இந்திய வெள்ளி ரூபாயையே அடிப்படையாகக் கொண்ட அம்முறை இலங்கையில் 1872இல் நடைமுறைக்கு வர, அந்த ரூபாயின் தாயகமான இந்தியாவோ, அக்கசாலை அலிப்பூருக்கு இடம்பெயர்ந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1957இல்தான் அதற்கு மாறியது.