டிஜிட்டல் வானொலி வரட்டும், எஃப்.எம். போகவேண்டாம்!

காஜாங் பக்கம் பால்மரம் வெட்டிய பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். வானொலி நிலையத்து உயர்ந்த கம்பங்களை மறந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்துதான் 4845 கிலோஹெர்ட்ஸ் சிற்றலையில் ஆர்.டி.எம். தமிழ் ஒலிபரப்பு கிளம்பி, மலை தாண்டி லயங்களுக்கு வந்து சேர்ந்தது. கரகரவென்று இரையும். இடிமின்னல் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனாலும் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டோம்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் 96.3 எஃப்.எம்.மில் கேட்கிறது. அடுத்தது டிஜிட்டல் வானொலி என்கிறார்கள். அது என்ன சங்கதி?

பழைய முறையில் ஒரு நிலையத்துக்கு ஓர் அலைவரிசை வேண்டும். டிஜிட்டலில் குரலையும் பாட்டையும் ஒன்று, சுழியம் என்ற எண்களாக்கிச் சுருக்கிவிடுகிறார்கள். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நிலையங்களை ஒரே அலைவரிசையில் ஏற்றுகிறார்கள், ஒரே பஸ்ஸில் பல ஊர் ஆட்கள் போவது மாதிரி. நமக்கு வேண்டியவரை மட்டும் பெட்டி பிரித்து இறக்கிக் கொடுக்கும். இரைச்சல் இல்லை. முள்ளைத் திருகவேண்டாம், பெயரைப் பார்த்து அமுக்கினால் போதும். பாட்டின் பெயர்கூட எழுத்தில் வரும்.

நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் ஒன்று. எஃப்.எம். அலை மெலிந்தால் இரைச்சலோடாவது பேச்சு கேட்கும். டிஜிட்டல் அலை ஓர் அளவுக்குக் கீழே மெலிந்தால் கப்சிப், ஒன்றுமே வராது! பட்டணத்து மாடி வீட்டுக்கு இது பெரிதில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே லயத்தில் இருப்பவன் என்ன செய்வான்? இன்னொன்று, பழைய பெட்டி இதற்கு உதவாது. புதுசு வாங்க வேண்டும். தினக்கூலியில் அது முடிகிற காரியமா?

நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் பொது வானொலி 2024 டிசம்பர் 31இல் நிறுத்தியது. கேட்பவர் தொகை இறங்கிப் போனது. பணக்கார நாட்டிலேயே இப்படியென்றால் நம் கதி?

நம் நாட்டில் டி.வி. விஷயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 2019இல் பழைய ஒளிபரப்பை நிறுத்துமுன், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். வானொலிக்கும் அதே நியாயம் வேண்டும் என்கிறோம். தோட்டத்துக்குத் தோட்டம் அலை சேர்கிறதா என்று அளந்து பார்க்கட்டும், மலிவுப் பெட்டி கைக்கு வரட்டும். அதுவரை எஃப்.எம்.மில் கை வைக்கக்கூடாது. தொழிற்சங்கமும் நம் பிரதிநிதிகளும் இதை இப்போதே கேட்டு வைக்கட்டும், நிறுத்திய பிறகு மனு கொடுத்து என்ன பயன்?

கைப்பேசியில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், டேட்டாவுக்குக் காசு யார் கட்டுவது?

அந்த டிகோடர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். டி.வி. நிலையங்களைத் தாண்டி வானொலி வரிசைக்குப் போங்கள். மின்னல் அங்கேயும் இருக்கிறது, டிஜிட்டலாக, காசில்லாமல். பல வீடுகளில் இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.